மேஸ்திரி சொல்லாமல் விட்ட பாதி

மளிகைக் கிடங்கில் லாரிக்குச் சரக்கு அடுக்குகிற ஒருவருக்கு அப்படி என்ன கர்வம் இருந்துவிடப் போகிறது என்று கேட்பவர்கள் மேஸ்திரியைப் பார்த்ததில்லை. காலி லாரி ஒன்று பின்பக்கமாக வந்து கிடங்கு வாசலில் நின்றதும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதன் வயிற்றுக்குள் ஒரு பார்வை பார்ப்பார். எந்த மூட்டை அடியில், எந்தப் பெட்டி மேலே, எது எந்தக் கடையில் இறங்கும் எல்லாம் அந்த ஒரு பார்வையில் முடிந்துவிடும். "கடைசிக் கடை சரக்கு முதல்ல ஏறணும். முதல் கடை சரக்கு கதவுகிட்ட இருக்கணும். இது புரியாதவன் லாரியில கை வைக்காதே." புதிதாக வேலைக்கு வருகிற எவருக்கும் அவருடைய வரவேற்புரை இவ்வளவுதான். இருபத்திரண்டு வருடமாக அதில் ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவருக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. ரிசர்வ் படை. மாதத்தில் இரண்டு சனி, ஞாயிறு பயிற்சி. மற்ற நாளெல்லாம் அவரவர் பிழைப்பு. வெள்ளம், புயல் என்று ஏதாவது வந்தால் கூப்பிடுவார்கள். போட்டது போட்டபடி கிடக்க, சீருடையை மாட்டிக்கொண்டு ஓடவேண்டும். பத்தொன்பது வருடமாக மேஸ்திரி ஓடிக்கொண்டிருக்கிறார். ஒரு பயிற்சிக்குக்கூட மட்டம் போட்டதில்லை. கல்யாணம் ஆன மறுநாளே பயிற்சிக்குப் போனவர். அந்தக் கதையை அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இன்றைக்கும் சொல்லுவாள். பெருமையாக அல்ல.

இத்தனை வருட ஓட்டத்துக்கும் அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அணித் தலைவர் பதவி. பன்னிரண்டு பேர், ஒரு லாரி, சட்டைக் கையில் மூன்று கோடு. பழைய தலைவர் ஓய்வு பெறப்போகிறார் என்றதும் அடுத்தது தான்தான் என்று மேஸ்திரி முடிவே கட்டிவிட்டார். அணியில் மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். கேப்டன் ஒருவர் மட்டும் வேறு மாதிரி நினைத்தார். மூன்று கோடும் மேஸ்திரியின் மச்சினன் கைக்குப் போய்விட்டது.

மச்சினன் என்றால் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். முப்பத்து மூன்று வயது, படையில் சேர்ந்து நாலே வருடம். இதில் பெரிய கொடுமை, அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து சேர்த்துவிட்டதே மேஸ்திரிதான். விண்ணப்பத்தில் எங்கே கையெழுத்து என்று விரலை வைத்துக் காட்டியவர் அவர். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

அவனைப் பிடிக்காது என்று யாரும் சொல்ல முடியாது, அதுதான் தொல்லை. உயரம், சிரிப்பு, கழுத்தில் எப்போதும் ஒரு விசில். எவன் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். "என்ன வாத்தியாரே" என்று மற்ற அணிக்காரர்கள்கூட வந்து தோளில் கைபோடுவார்கள். பத்தொன்பது வருடத்தில் மேஸ்திரியின் தோளில் எவனும் கைபோட்டதில்லை. அவன் மரியாதையில் குறை வைத்தானா என்றால் அதுவும் கிடையாது. "மாமா, நீங்க இருக்கறப்ப எனக்கு லாரியைப் பத்திக் கவலையே இல்ல" என்று எல்லார் முன்னாலும் சொல்லுவான். அதைக் கேட்டால் மேஸ்திரிக்கு இன்னும் எரியும். அவன் திமிராக நடந்துகொண்டால் வெறுத்துத் தொலைக்கலாம். அந்த வசதியைக்கூட அவன் கொடுக்கவில்லை.

மேஸ்திரியைக் கேட்டால் அனுபவத்துக்கு மதிப்பில்லை என்பார், காலம் கெட்டுவிட்டது என்பார். நமக்கென்ன, நாம் உள்ளதைச் சொல்லிவிடலாம். பொறாமை. காலையில் பல் தேய்க்கும்போதே அவரோடு எழுந்துவிடுகிற பொறாமை.

சூறாவளி செவ்வாய்க்கிழமை அடித்தது. புதன்கிழமை மதியத்துக்குள் அவர்களுடைய மூன்றாம் அணி படைக் கொட்டகையில் லாரியை நிறுத்திச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. மூன்று இடத்துக்குப் போகவேண்டும். முதலில் ஒரு பள்ளிக்கூடம்: வீடிழந்த நானூறு பேர் அங்கே தங்கியிருந்தார்கள், அவர்களுக்கு அரிசியும் மாவும் தண்ணீரும். அடுத்தது துறைமுகக் குடியிருப்பு: தார்ப்பாய், கயிறு. கடைசியாக மேட்டின் மேல் ஒரு சின்ன ஆஸ்பத்திரி: ஆக்ஸிஜன் சிலிண்டர்கள், மருந்துப் பெட்டிகள். மேஸ்திரி தன் வழக்கப்படி ஆஸ்பத்திரிச் சரக்கை முதலில் ஏற்றி, டிரைவர் முதுகுக்குப் பின்னால் சிலிண்டர்களை நிற்கவைத்துக் கட்டினார். நடுவில் தார்ப்பாய். கதவருகே அரிசி மூட்டையும் தண்ணீர்ப் பெட்டியும், கூரை தொடுகிற உயரத்துக்கு. ஒரு விரல் நுழைய இடமில்லை. மற்ற அணிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பார்த்துவிட்டு, "வாத்தியார் அணி லாரியைப் பாருடா" என்றார்கள்.

வியாழன் காலை ஆறு இருபது. மச்சினன் டீசல் சீட்டு வாங்கப் போயிருந்தான். மற்றவர்கள் குழாயடியில் இருந்தார்கள். லாரிக்குப் பக்கத்தில், ஸ்டூல் மேல் இருந்த வயர்லெஸ் கரகரத்தது. எடுத்தவர் மேஸ்திரி. தலைமையகத்திலிருந்து பேசியது ஒரு பெண். சாதாரண நாளில் தையல் கடை வைத்திருப்பவள்.

"மூணாம் அணி, கேக்குதா?"

"கேக்குது, சொல்லும்மா."

"ஆத்துப் பாலம் போயிடுச்சு. மேட்டு ரோடு வழியாத்தான் போகணும். அதனால வரிசை தலைகீழ். முதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம் துறைமுகம், கடைசியாத்தான் பள்ளிக்கூடம். சரக்கை இறக்கி, மாத்தி அடுக்கிட்டுக் கிளம்பச் சொல்றாரு கேப்டன். லேட்டானாலும் பரவாயில்லையாம். தலைவர்கிட்ட சொல்லிடுங்க."

"சரி."

"திரும்பச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்மா. கிடைச்சுது."

கையில் வயர்லெஸ்ஸை வைத்துக்கொண்டே மேஸ்திரி லாரியைப் பார்த்தார். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் லாரி நிற்கிறது. மச்சினன் சிரித்துக்கொண்டே கதவைத் திறக்கிறான். எதிரே அரிசி மூட்டைச் சுவர். நர்சுகள், டாக்டர், பன்னிரண்டு பேர், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அவன் முகம் சுண்டிப்போகிறது. திரும்பி, "மாமா, இப்ப என்ன பண்றது?" என்று கேட்கிறான். அப்போது தான் முன்னால் போய் நின்று, அதை எடு, இதைத் தள்ளு என்று இரண்டே நிமிடத்தில்... இரண்டு நிமிடத்தில் ஆகாது என்று இருபத்திரண்டு வருடம் லாரி அடுக்கியவருக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் தெரிந்துகொள்ள விருப்பமில்லை, அவ்வளவுதான்.

மச்சினன் சீட்டை ஆட்டிக்கொண்டே வந்தான். "மாமா, ஏதாவது தகவல் வந்துச்சா?"

"பாலம் போச்சாம். மேட்டு ரோடு. முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

அவன் விசிலை ஊதினான். எல்லாரும் ஏறிக்கொண்டார்கள். சரக்கைப் பற்றி அவனுக்கு ஒரு யோசனையும் ஓடவில்லை. எப்படி ஓடும்? மாமாதான் இருக்கிறாரே.

ஆஸ்பத்திரி வாசலுக்கு லாரி போய்ச் சேர்ந்தபோது மழை மறுபடி பிடித்துக்கொண்டது. தலைமை நர்ஸ் செருப்பில்லாமல் ஓடிவந்தாள். "சிலிண்டர் எங்க? உள்ள கடைசி சிலிண்டரும் காலி. ஒருத்தருக்குக் கையால பையை அமுக்கி மூச்சு குடுத்துட்டிருக்கோம்!"

கதவைத் திறந்தார்கள். அரிசி மூட்டைச் சுவர் நின்றது. மேஸ்திரி மனசுக்குள் பார்த்த மாதிரியேதான் எல்லாம் நடந்தது, ஒன்றைத் தவிர. மச்சினன் திரும்பி அவரைக் கேட்கவில்லை. ஒரு நொடி நின்றான். பிறகு தானே தாவி ஏறி முதல் மூட்டையை இழுத்துக் கீழே போட்டான். "இறக்குங்கடா! எல்லாத்தையும் இறக்குங்க!"

மேஸ்திரி கணக்கில் எடுக்காத விஷயம் ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரி வளாகத்திலும் ஜனம் ஒதுங்கியிருந்தது. இருநூறு பேர், இரண்டு நாள் பட்டினி. அரிசி மூட்டையும் தண்ணீரும் ஒவ்வொன்றாக மண்ணில் இறங்குவதைப் பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? நமக்கு வந்திருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். வந்தார்கள், இழுத்தார்கள். "இது உங்களுக்கு இல்லம்மா, பள்ளிக்கூடத்துக்கு" என்று சொன்ன அணிக்காரன் ஒருவனின் சட்டையைப் பிடித்து ஒரு பெண், "என் பிள்ளைங்க உனக்கு மனுஷங்களாத் தெரியலையா?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். மூட்டைகள் கிழிந்தன. மாவு மழையில் கரைந்து ஓடியது. மச்சினன் விசிலை ஊதி ஊதி, பாதிப் பேரைச் சரக்குக்குக் காவலாக நிறுத்தி, மீதிப் பேரோடு லாரிக்குள் முண்டினான்.

மேஸ்திரி அன்றைக்கு வேலை செய்த மாதிரி வாழ்நாளில் செய்ததில்லை. நகம் பெயர்ந்து ரத்தம் வந்ததுகூடத் தெரியவில்லை. லாரிக்குள்ளிருந்து ஆஸ்பத்திரி ஜன்னல் வழியே வார்டு தெரிந்தது. கட்டிலில் ஒரு வயதானவர். பக்கத்தில் ஒல்லியாக ஒரு நர்ஸ், ரப்பர் பையை அமுக்கி, விட்டு, அமுக்கி. மூட்டையைத் தள்ளிவிட்டு மேஸ்திரி நிமிரும்போதெல்லாம் அவள் அதையேதான் செய்துகொண்டிருந்தாள். நாற்பது நிமிடம் ஆயிற்று. முதல் சிலிண்டர் உள்ளே போனபிறகும் அந்தப் பெண்ணால் விரலை விரிக்க முடியவில்லை. இன்னொருத்தி ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள். வயதானவர் பிழைத்துக்கொண்டார். அதற்கு மேஸ்திரி இன்றைக்கும் அந்த நர்சை நினைத்துக் கும்பிடுகிறார்.

மிஞ்சிய சரக்கை மறுபடி ஏற்றி, துறைமுகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு மறுநாள் காலையில்தான் போக முடிந்தது, அதுவும் பாதிச் சரக்கோடு. நானூறு பேர் வாசலைப் பார்த்துக்கொண்டு ஒரு ராத்திரி அதிகமாகக் காத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சி மைதானத்துக் கூடத்தில் விசாரணை. பன்னிரண்டு பேரும் வரிசையாக நின்றார்கள். கேப்டன் சாதாரண நாளில் குடிநீர் அலுவலகத்து இன்ஜினியர். கோபம் வந்தால் குரல் தாழ்ந்துபோகிற ஆள். அன்றைக்கு அவர் பேசியதைக் கேட்கக் காதைத் தீட்டவேண்டியிருந்தது. வயர்லெஸ் பதிவேட்டைப் பிரித்துப் படித்தார்.

"வியாழன், ஆறு இருபது. 'சரக்கை மாற்றி அடுக்கிவிட்டுக் கிளம்பவும்.' மூன்றாம் அணி, கிடைத்தது." நோட்டை மூடினார். "ஆள் பேர் எழுதறதில்லை, அணி பேர்தான் எழுதறோம். அணிக்குக் கிடைச்சா தலைவருக்குக் கிடைச்ச மாதிரி. கிடைச்சுதா, இல்லையா?"

 மச்சினன் தலையைத் திருப்பவில்லை. திருப்பியிருந்தால்கூட மேஸ்திரிக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். நேராக எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று மேஸ்திரிக்கும் புரிந்தது.

"கிடைச்சுது சார். நான்தான் கவனிக்கல."

மேஸ்திரி வாயைத் திறந்திருக்கலாம். இரண்டு எட்டு முன்னால் வந்திருக்கலாம்.  அடுத்த ஐந்து நிமிடத்தில் மச்சினனின் மூன்று கோட்டையும் எடுத்துவிட்டார்கள். இனி மூன்றாம் அணிக்குத் தலைவர் மேஸ்திரி என்று கேப்டன் அறிவித்தார். யாரும் கைதட்டவில்லை.

வீட்டில் மனைவி அந்த மூன்று கோட்டுப் பட்டையைச் சட்டையில் தைத்தாள். ஊசியை இழுத்துக்கொண்டே, "நீங்க ஆசைப்பட்டது கிடைச்சுது, எனக்குச் சந்தோஷம்தான்" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "என் தம்பி இப்படிக் கோட்டை விடுற ஆளே இல்லீங்க. எப்படி விட்டான்னுதான் தெரியல."

மறுநாள் சாயங்காலம் மேஸ்திரி பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனார். பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். மச்சினன் பந்துகளைப் பொறுக்கி வலைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏன் சொல்லல?" என்றார் மேஸ்திரி, வணக்கம் கிணக்கம் ஒன்றும் இல்லாமல்.

அவன் நிமிர்ந்தான். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் என்று எதிர்பார்த்து வந்தவருக்கு அங்கே ஒன்றும் வெடிக்கவில்லை. களைத்துப்போயிருந்தான், அவ்வளவே.

"சொல்லியிருந்தா உங்களைப் படையை விட்டே அனுப்பியிருப்பாங்க மாமா. எனக்கு ஸ்கூல் இருக்கு, பிள்ளைங்க டீம் இருக்கு. உங்களுக்கு அதை விட்டா வேற என்ன இருக்கு?" பந்தை உள்ளே போட்டான். "அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தாங்கமாட்டா."

மேஸ்திரிக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். நன்றி வந்திருக்க வேண்டும். இரண்டும் வந்தன, பிற்பாடு. முதலில் வந்தது பழைய சாமான்தான். இதிலும் இவன்தானா? பதவியை விட்டுக்கொடுத்த பிறகும் இவன்தான் பெரிய மனுஷனா? அதற்கு மேல் பரிதாபம் வேறு படுகிறானா, என்மேல்? வீடு வரைக்கும் நடந்தே போனார். காதில் புகை வந்துகொண்டே இருந்தது.

அந்தப் பெருந்தன்மையை அவனிடமே விட்டுவைக்க அவருக்கு மனசு வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை குடிநீர் அலுவலகத்துக்குப் போய், கேப்டன் மேஜைக்கு முன்னால் நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். மனசாட்சி உறுத்தியது என்று அவருக்காக நாம் பூசி மெழுகலாம். அதுவும் ஓரமாக இருந்தது. பெரும்பங்கு, அவனுக்குக் கடன்பட்டு நிற்கப் பிடிக்காததுதான்.

கேப்டன் நாற்காலியிலிருந்து மெதுவாக முன்னால் சாய்ந்தார். "அப்ப... உங்களைக் காப்பாத்தவா அவர் வாயை மூடிக்கிட்டு நின்னார்?"

அந்தக் குரலில் இருந்த வியப்பைக் கேட்டபோதுதான் மேஸ்திரிக்குத் தான் செய்த காரியம் உறைத்தது. அதுவரை இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். இனி ஊருக்கே தெரியும். தெரிந்தது. அந்த வாரம் முழுவதும் வாத்தியாரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். கோடு திரும்ப அவனிடமே போனது. மேஸ்திரிக்கு ஒரு வருடம் படைப் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு. மனைவி ஒன்பது நாள் அவரோடு பேசவில்லை. பத்தாம் நாள் பேசியது, "சோறு வெச்சிருக்கேன்" என்பது மட்டும்.

இரண்டு வாரம் கழித்து மூன்றாம் அணி லாரி கிடங்கு வாசலுக்கே வந்து நின்றது. நிவாரணத்துக்குக் கிடங்கு முதலாளி சரக்கு கொடுத்திருந்தார். மேஸ்திரி கைலியும் பனியனுமாக ஓரமாக நின்றார். அவரை யாரும் கூப்பிடவில்லை. மச்சினன் ஒரு காகிதத்தில் வரிசையைப் படமாக வரைந்துகொண்டு வந்திருந்தான். அதைப் பார்த்துப் பார்த்துத் தானே அடுக்கவைத்தான். கடைசி ஊர் உள்ளே, முதல் ஊர் கதவருகே. சரியாகத்தான் இருந்தது. மேஸ்திரி ஏதாவது ஒரு குறை அகப்படாதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்.

அகப்பட்டது. குழந்தைகளுக்கான பால் பவுடர்ப் பைகளுக்கு மேலே பிளீச்சிங் பவுடர் மூட்டைகள். ஒரு மூட்டையில் தையல் விட்டிருந்தது. பாதி வழி குலுங்கினால் போதும்.

"நிறுத்து!" என்று கத்தினார். கத்தியபிறகுதான் கத்தியது தெரிந்தது. "பிளீச்சிங்கைப் பாலுக்கு மேல வெச்சா குழந்தைங்க என்னத்தைக் குடிக்கும்? எல்லாத்தையும் இறக்கு! அது தரையில, தனியா, கதவுகிட்ட போகணும். நடுவுல ஆறு வரிசை தார்ப்பாய்க் கட்டு வரணும்!"

அணி முழுவதும் திரும்பிப் பார்த்தது. மச்சினன் காகிதத்தைப் பார்த்தான், லாரியைப் பார்த்தான். முகம் சுண்டியது. காது வரைக்கும் சிவந்தது. "ஆமா மாமா" என்றான்.  "நான் யோசிக்கவே இல்ல. இப்ப என்ன பண்றது?"

மேஸ்திரி அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்தார். இனித்தது. நியாயமான விஷயத்தைச் சொல்லியிருந்தும் வெட்கமில்லாமல் இனித்தது. அந்த வியாழக்கிழமை காலையில் வயர்லெஸ்ஸில் தையல் கடைப் பெண் சொன்னதை முழுசாகச் சொல்லியிருந்தால், முந்தின நாள் மாங்குமாங்கென்று அடுக்கிய சரக்கை இறக்கி மாற்றி அடுக்கத் தன்னால் மட்டும்தான் முடியும் என்று பன்னிரண்டு பேர் முன்னாலும் காட்டியிருக்கலாம். இதே முகத்தை அன்றைக்கே, இதே மாதிரி, கெஞ்சிக்கொண்டு பார்த்திருக்கலாம். ஒரு நர்சின் விரல் மடங்கிப் போகாமலே பார்த்திருக்கலாம். ஒருவனைச் சிறுமைப்படுத்தி ரசிப்பதற்குக்கூட உண்மையைச் சொன்னாலே போதுமாக இருந்திருக்கிறது.

"மாமா?" என்றான் மச்சினன் மறுபடி.

மேஸ்திரி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரிக்குள் ஏறினார்.